கோடு முடியும் இடம்

கொஞ்சம் பார்த்துக் காலை நீட்டுங்கள் தம்பி. உள்ளே கண்ணாடி இருக்கிறது. பரவாயில்லை, பரவாயில்லை, உங்களுக்கு எப்படித் தெரியும்? போர்வையைச் சுற்றி வைத்திருந்தால் யாருக்குத்தான் தெரியும்? ஏறும்போதே கண்டக்டர் கேட்டான், "என்ன பெரியவரே, வீட்டுக் கதவக் கழத்தி எடுத்துட்டு வந்துட்டீரா?" பஸ்ஸே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், நான் பார்த்தேன். சிரியுங்கள். இந்த ஒரு வருஷமாக என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்?

நேரே நிறுத்த இடமில்லை. படுக்க வைத்தால் மிதித்துவிடுவார்கள். அதனால் சாய்த்து வைத்திருக்கிறேன். அதற்குச் சாய்ந்து இருப்பதுதான் அழகு.

படம் தம்பி. சாமி படமில்லை, நான் எடுத்த படம். ராஜபாளையத்தில் என் மகள் வீட்டுச் சுவரில் இன்றைக்கு இது ஏறவேண்டும். ஏறின பிறகுதான் நான் இலைமுன் உட்காருவேன். என் மனைவி செத்து வருஷம் ஒன்றாகிறது. முதல் திதி. எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதால் மகள் தன் வீட்டில் வைத்திருக்கிறாள். நேற்று போனில் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா, நீங்க வாங்க. அந்தப் படத்தத் தூக்கிட்டு வராதீங்க." பெற்ற தகப்பனிடம்! அதுவும் "அந்தப் படம்" என்கிறாள். மாநில அளவில் முதல் பரிசு வாங்கின படம். சென்னையிலிருந்து வந்த நடுவர்கள் முன்னால் போய் நின்று, பின்னால் வந்து நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்த படம். இவளுக்கு "அந்தப் படம்".

நீங்கள் எங்கே, சங்கரன்கோவிலா? அப்படியென்றால் நேரம் இருக்கிறது. கேளுங்கள். கேட்டுவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் குற்றாலிங்கம். பாளையங்கோட்டை. கருவூல அலுவலகத்தில் வேலை பார்த்தவன். சேர்ந்த நாளிலிருந்து ஸ்கேலை வைத்து நேர்கோடு போட்டவன். மேலிருந்து கீழே ஒரு கோடு, இடமிருந்து வலம் ஒரு கோடு. கட்டம், கட்டம், கட்டம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காமிராவைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன். அங்கேயும் போய்க் கட்டம் போட எனக்கென்ன பைத்தியமா?

நீங்களும் போனில் படம் எடுப்பீர்கள்தானே? எல்லாரும் எடுக்கிறார்கள். ஆளை நடுவில் நிறுத்துவது, சிரி என்பது, தட்டிவிடுவது. அது படமா? அது அடையாள அட்டை. படத்துக்குள் கோடு இருக்கவேண்டும் தம்பி. படுத்த கோடு தூங்கும். கடல், அடிவானம், நெல்வயல், எல்லாம் தூக்கம். நின்ற கோடு காவல் காக்கும். தூண், பனைமரம், கோபுரம். சாய்ந்த கோடு ஒன்றுதான் நடக்கும். கீழே இடது மூலையில் புறப்பட்டு மேலே வலது மூலைக்கு ஏறுகிறதே, அந்தக் கோடு. பார்க்கிறவன் கண் அதில் காலை வைத்துவிட்டால் போதும், தானாக ஏறிப்போகும். ஏறிப்போன கண்ணுக்கு அங்கே ஓர் ஆள் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண் சட்டத்தைத் தாண்டி வெளியே விழுந்துவிடும். கோடு முடியும் இடத்தில் ஓர் உயிர். சின்னதாக. உயிர் எவ்வளவு சின்னதோ, கோட்டுக்கு அவ்வளவு பலம்.

அந்த உயிர் யார்? என் மனைவி. செண்பகவல்லி. என் படம் எதை எடுத்தாலும் அவள் இருப்பாள். பாபநாசம் அணைச் சுவர் சாய்ந்து போய் முடிகிறதே, அங்கே அவள். குறுக்குத்துறைப் படிக்கட்டில் கடைசிப் படியில் அவள். உவரியில் கயிறு மணலில் சாய்ந்து போய்ப் படகில் முடிகிறது, படகை ஒட்டி அவள். பெண்டாட்டியை என்னைப்போல் படம் எடுத்தவன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. என் மகள் சொல்கிறாள், "அப்பா அம்மாவ ஒரு போட்டோகூட எடுக்கல." கேட்டீர்களா? ஒரு போட்டோகூட!

இதோ இந்தப் படத்துக்காக நானே கடைக்குப் போய்ச் சேலை எடுத்தேன். சிவப்புச் சேலை. அவளுக்குப் பச்சைதான் பிடிக்கும். ஆனால் பச்சை தூரத்தில் செத்துப்போகும், சிவப்புதான் நிற்கும். பொட்டலத்தைப் பிரித்ததும் சேலையை மடியில் போட்டுக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள். "என்ன திடீர்னு?" என்றாள். "தூத்துக்குடி உப்பளத்துக்கு" என்றேன். அப்படியே மடித்து வைத்துவிட்டாள். அந்த முகம் ஏன் அப்படிப் போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நல்ல சேலை. சாயம் போகாத சேலை.

உப்பளம் பார்த்திருக்கிறீர்களா? பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே வரப்பு ஓடும். கரைமேட்டில் ஏறி நின்று பார்த்தால் ஒரே ஒரு வரப்பு மட்டும் மூலைக்கு மூலை சாய்ந்து போகிற இடம் ஒன்று கிடைத்தது. அது கிடைக்க எத்தனை மேடு ஏறினேன் என்பது எனக்குத்தான் தெரியும். செருப்புப் போட்டால் நடையில் அழகு இருக்காது, கழற்று என்றேன். கழற்றினாள். அங்கே போய் நின்றுகொண்டு, "காலு எரியுதுங்க" என்று கத்துகிறாள். வெடிப்பில் உப்பு பட்டால் எரியத்தான் செய்யும். "திரும்பாதே! என்னைப் பார்க்காதே! நட!" என்று இங்கிருந்து நான் கத்துகிறேன். முகம் தெரிந்தால் பார்க்கிறவன் கண் முகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் தம்பி. அதோடு கோடு செத்தது. அவளுக்கு இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! எந்த ஊரில், எந்தக் கரையில் நின்றாலும் ஒரு தடவையாவது திரும்பிவிடுவாள். அந்தப் படம் வீண். மறுபடி முதலிலிருந்து. "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ." போவாள். "இன்னும்." போவாள். எவ்வளவு தூரம் போகச் சொன்னாலும் போவாள். அந்தக் குணத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். தலை வாரி, பூ வைத்து, பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, கூடத்துச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன விசேஷம்?"

"ஒரு தடவ என் மூஞ்சிய நேராப் பாத்து எடுங்களேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் பரிசு வாங்கினவனிடம் வந்து பாஸ்போர்ட் போட்டோ கேட்கிறாள்! "நேரா எடுக்கதுக்கு பஜார்ல ஸ்டுடியோக்காரன் இருக்கான். நான் எதுக்கு?" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். விளக்கு அவளுக்குப் பின்னால் இருந்தது, முகம் சரியாகத் தெரியவில்லை. நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டுத் தோசை ஊற்றப் போய்விட்டாள். அவ்வளவுதான். இதை எதற்குச் சொல்ல வந்தேன்? என்னமோ வந்தது, விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு வயிற்றில் கட்டி. கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. நான் டாக்டரை ஒன்றும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியை ஒன்றும் சொல்லவில்லை. என் கோபம் அங்கே இல்லை. அவள் போன அன்றைக்குக் கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டுமே. நான் எழுந்தேன், என் அறைக்குப் போய் இந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு எதை வைப்பது? அவளுக்கு இதைவிடப் பெருமை எது? துடைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், தலைமாட்டில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது.

செண்பகவல்லியின் படம். பச்சைச் சேலை. மார்பளவு. நேரே.

யார் எடுத்தது என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மங்கை, என் மகள், தலையைத் தூக்காமல் சொல்கிறாள்: "அம்மாவே போய் எடுத்துக்கிட்டா. எங்கிட்டக் குடுத்து வச்சிருந்தா."

அவளே போய்! பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஸ்கேன் எடுக்கப் போகிறேன் என்று போன நாள் அது. வருகிற வழியில் பஜாரில் ஒரு ஸ்டுடியோ. ஏறி உட்கார்ந்து எடுத்திருக்கிறாள். பச்சைச் சேலையை எதற்குக் கட்டுகிறாய் என்று அன்றைக்குக் காலையில்கூடக் கேட்டேன் தம்பி. "ஆஸ்பத்திரிக்குத்தானே, இருக்கட்டும்" என்றாள். வீட்டில் மூன்று காமிரா வைத்திருக்கிறவன் பெண்டாட்டி ஸ்டுடியோவுக்குப் போகிறாள், அதுவும் புருஷனுக்குச் சொல்லாமல்! சமையல்காரன் மனைவி ஓட்டல் வாசலில் போய் நின்றால் ஊர் என்ன பேசும்? நான் என்ன குறை வைத்தேன்? எதற்குப் போனாள்? அவளை யார் போகச் சொன்னது? ஜெபமணி டீச்சரிடம் கேட்டால், "அவங்கதான் சொன்னாங்கன்னு செண்பா சொன்னா" என்கிறார். எந்த அவங்க? டீச்சருக்கு வயதாகிவிட்டது, பேச்சு முன்னுக்குப் பின்னாக வருகிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். இந்தப் படத்தைக் கூடத்தில் நடுவே வைத்தேன். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான். என் மைத்துனன் ஆவுடையப்பன், அவள் கூடப்பிறந்த தம்பி, வெற்றிலையை மென்றுகொண்டே கிட்டே போகிறான், தூரப் போகிறான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்க்கிறான்.

"அத்தான், உப்பு நல்லா விளைஞ்சிருக்கு. எங்கக்கா எங்க?"

கூடமே சிரிக்கிறது. பதினாறாம் நாளில்! மருமகன் சங்கரபாண்டியன் சிரிக்கக்கூடாது என்று துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறான். பொத்தின துண்டு குலுங்குகிறது. இவர்களுக்கு என்ன தெரியும்? கோடு தெரியுமா? உப்பைப் பார்த்தால் உப்பு விலை கேட்கிற கூட்டம்.

மங்கைதான் வந்து, இரண்டு கையாலும் படத்தைத் தூக்கித் திரும்பி வைத்தாள். சுவரைப் பார்க்க. "அப்பா, இதுக்கு மால போட்டா அம்மா மறைஞ்சிருவாப்பா" என்றாள். உளறல். மாலை எங்கே, அவள் எங்கே?

நான் விடவில்லை தம்பி. அந்த ஸ்டுடியோவைத் தேடிப் போனேன். ஒரு நீலத் திரை, ஒரு ஸ்டூல், இரண்டு குடை விளக்கு. அவ்வளவுதான் அவன் தொழில். போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான், நிமிராமலே கேட்கிறான்: "பாஸ்போர்ட்டா, ஸ்டாம்பு சைஸா?"

தலைமாட்டில் இருந்த படத்தை மேஜைமேல் வைத்தேன். "இத எடுத்தது நீதானா?"

"நாந்தான். என்ன சார், கலர் வெளுத்துப் போச்சா? வேற பிரிண்ட் போட்டுத் தாரேன்."

"என்ன சொல்லி இவளச் சிரிக்க வச்சே?"

அவன் போனை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நா என்ன சொல்லப் போறேன்? 'இங்க பாருங்கம்மா'ன்னேன்."

"வேற?"

"வேற என்ன, எல்லாருக்கும் அதான சார் சொல்லுவோம்? எடுத்தாச்சு எந்திரிங்கம்மான்னா எந்திரிக்கல. இன்னொண்ணு எடுங்க தம்பின்னாங்க. எடுத்தேன். நல்லாத்தானே வந்திருக்கு? நீங்க யாரு, அவங்க வீட்டுக்காரரா?"

அவனுக்கு எதற்குப் பதில்? இரண்டு படம்! என்னிடம் ஒன்று எடுத்து முடிப்பதற்குள் "போதுங்க, போலாங்க" என்கிறவள், எவனோ ஒருத்தன் முன்னால் இன்னொன்று எடு என்று உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் உங்களுக்கே வயிறு எரியும். வஞ்சகமில்லாமல், பல் தெரிய. இடது கன்னத்தில் குழி விழுந்திருக்கிறது. அவளுக்கு ஏது குழி? விளக்கு வைத்த கோளாறு என்று மங்கையிடம் சொன்னேன். அவள் என்னையே ஒரு தரம் பார்த்தாள். பிறகு அடுக்களைக்குப் போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் தொழில் நுணுக்கம் பேச முடியாது.

சரி, படம் என்ற வகையில்தான் அது என்ன? ஒன்றுமில்லை. தட்டை. பின்னால் நீலத் துணி, முன்னால் ஒரு முகம். கோடு என்று பேருக்கு ஒன்று கிடையாது. கண் எங்கேயும் போகாது, எங்கேயும் ஏறாது, அங்கேயே நின்றுவிடும். அதைத்தான் மங்கை பெரிதாக்கித் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அங்கே என்னால் உட்கார முடியவில்லை தம்பி. சோபாவில் உட்கார்ந்தால் என்னைப் பார்க்கிறாள். வாசல்பக்கம் போய் நின்றால் அங்கே பார்க்கிறாள். ஊஞ்சலுக்குப் போனால் அங்கேயும். நான் கோணம் தெரிந்தவன், ஒரு கோணத்திலாவது தப்பலாம் என்று மூலை மூலையாகப் போய் நின்று பார்த்தேன். மருமகன் கேட்கிறான், "என்ன மாமா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" வாழ்நாளெல்லாம் "என்னைப் பார்க்காதே, என்னைப் பார்க்காதே" என்று தொண்டை வற்றச் சொன்னவன் நான். கேட்டாளா பாருங்கள்.

காரியம் முடிந்து அவள் வீட்டில் தங்கப் போனவன், மறுநாளே பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டேன். பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பேரப்பிள்ளை பிறந்தநாளுக்குக்கூடப் போகவில்லை. இன்றைக்குப் போகிறேன். போய், அதை இறக்கிவிட்டு இதை மாட்டுவேன். முடியாது என்றால் அப்படியே திரும்பி அடுத்த பஸ் ஏறுவேன். "அந்தப் படத்த எறக்கினா நீங்க எங்கூடப் பேசவேண்டாம்" என்கிறாள். பேசாமல் இருக்கட்டும். நான் என்ன பேச்சுக்கா அலைகிறேன்? வீட்டில் யார் இருக்கிறார் என்னோடு பேச?

என்ன, பார்க்கவேண்டுமா? பாருங்கள். அதற்குத்தானே தூக்கிக்கொண்டு வருகிறேன். அந்த முனையைப் பிடியுங்கள், போர்வையை இப்படி உருவுகிறேன். ஆங். இப்போது சொல்லுங்கள். இடது கீழ் மூலையில் தொடங்குங்கள். அந்த வரப்பு. விடாமல் ஏறுங்கள். இரண்டு பக்கமும் உப்பு, வெள்ளையாக, பாத்தி பாத்தியாக. ஏறுகிறதா கண்? போகிறதா? இதுதான் தம்பி சாய்கோடு. இதுதான் கலை. போய் எங்கே நிற்கிறது?

எங்கே என்று என்னைக் கேட்கிறீர்கள்?

நீங்களுமா? மேலே, வலது மூலையில் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் அடிக்கிறது, அதனால்தான் தெரியவில்லை. கொஞ்சம் சாய்க்கிறேன். இப்போது? அந்தச் சிவப்பு. கொடி இல்லை தம்பி, சேலை! சேலை கட்டின பொம்பிளை! என் பெண்டாட்டி! நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்? கண் பரிசோதனை செய்து எத்தனை நாளாயிற்று?

மங்கை சொன்னதுதான் சரி என்று உங்கள் மனதில் ஓடுகிறது. ஓடுகிறது, மறைக்காதீர்கள், நான் முகம் பார்த்தால் சொல்லிவிடுவேன். மாலை போட்டால் மறைந்துவிடுவாளாம். இதோ, பையில் மாலை இருக்கிறது. சம்பங்கி. காலையில் பூக்கடையில் நின்று கட்டச்சொல்லி வாங்கினது. உங்கள் கண் முன்னாலேயே போட்டுக் காட்டுகிறேன், நீங்களே மங்கைக்குச் சாட்சி சொல்லலாம். சட்டத்தை நிமிர்த்திப் பிடியுங்கள். நேரே. இன்னும் நேரே. மேலே இப்படிப் போட்டு, இரண்டு பக்கமும் தொங்கவிட்டு...

இருங்கள். மாலை சரியாக உட்காரவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளினால்... இல்லை, அப்படியென்றால் மொத்தமும் வழுக்கி வருகிறது. மேலே ஏற்றினால்... பிடியுங்கள், விட்டுவிடாதீர்கள். பூக்கடைக்காரன் மேல்தான் தப்பு. ஒல்லியாகக் கட்டு, ஒல்லியாகக் கட்டு என்று அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். இவ்வளவு தடிமனாகக் கட்டினால் எந்தப் படம்தான் தாங்கும்? ஒருத்தன்கூடத் தன் தொழிலை ஒழுங்காகச் செய்வதில்லை இந்த நாட்டில்.

என்ன கூவுகிறான் கண்டக்டர்? சங்கரன்கோவிலா? அதற்குள்ளாகவா? ஐயா, கண்டக்டர், ஒரு நிமிஷம் நிறுத்தும்! எழுந்துவிடாதீர்கள் தம்பி. பார்க்காமல் இறங்கிவிடாதீர்கள். பூவை விலக்குகிறேன், இதோ, விலக்கிக் காட்டுகிறேன். இங்கேதான் இருந்தாள்.